மனிதரைப் போல நடந்துகொள்ளுங்கள்: லிங்க்ட்இன் முடக்க வழிகாட்டிகளை வாசித்தல்

வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஏழெட்டுச் சுட்டிகளை எனக்கு அனுப்பினார். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்: லிங்க்ட்இன் கணக்கு முடங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி. கூடவே ஒரு வரி, "அண்ணா, இதுல எதை நம்புறது?" அவருடைய கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வாரத்தில் நிறையப் பேருக்கு அழைப்பு அனுப்பப் போகிறார், முன்னெச்சரிக்கையாகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். நானும் படித்தேன். அவற்றுக்குள்ளிருந்த சுட்டிகள் வழியே இன்னும் சிலவற்றையும் படித்தேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் படிக்கப் படிக்க, இது தனியாக ஓர் எழுத்து வகை, லட்சக்கணக்கானவர்கள் இதை நம்பி நடக்கிறார்கள், ஆனால் யாரும் உட்கார்ந்து இதை விமர்சிப்பதில்லை என்று தோன்றியது.

இவற்றின் வடிவம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. முதலில் பயமுறுத்தல்: பத்து வருடமாகச் சேர்த்த தொடர்புகள் ஒரே இரவில் போய்விடும். அடுத்து எண்கள்: நாளைக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து அழைப்பு, வாரத்துக்கு நூறு, இத்தனை ப்ரொஃபைல் பார்க்கலாம், இத்தனை செய்தி அனுப்பலாம். பிறகு 'வார்ம்-அப்': புதுக் கணக்கென்றால் முதல் வாரம் குறைவாக அனுப்பி, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். புது பைக் வாங்கினால் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெக்கானிக் சொல்வாரே, அது மாதிரி. அதற்குப் பிறகு வருவதுதான் மையமான அறிவுரை: மனிதரைப் போல நடந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் நடுவில் ஒழுங்கில்லாத இடைவெளி விடுங்கள். நள்ளிரவில் எதுவும் செய்யாதீர்கள். சனி ஞாயிறு ஓய்வு கொடுங்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து வாருங்கள். கடைசியில், இத்தனையையும் தானாகவே செய்துவிடும் ஒரு மென்பொருளின் பெயரும் சில நாள் இலவசம் என்ற பொத்தானும்.

நான் அந்த மைய அறிவுரையிலேயே நின்றுவிட்டேன். ஒரு மனிதரிடம் போய் மனிதரைப் போல நடந்துகொள் என்று யாராவது சொல்வார்களா? உதைக்கத்தான் வருவார். அந்த வாக்கியம் தம்பியைப் பார்த்துப் பேசவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்து அழைப்பு அனுப்பப்போகிற நிரலைப் பார்த்துப் பேசுகிறது. 'முடக்கத்தைத் தவிர்ப்பது' என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வாசகர்கள் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஒருவர், தப்பு எதுவும் செய்யாமல், அவசரத்தில் ஏதோ எல்லையைத் தாண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறவர். இன்னொருவர், விதியை மீறுவதென்று முடிவெடுத்துவிட்டு, மாட்டாமல் இருப்பது எப்படி என்று கேட்கிறவர். முதலாமவருடைய பயத்தைக் காட்டி இரண்டாமவருக்கான பொருளை விற்பதுதான் இந்த எழுத்தின் வேலை.

லிங்க்ட்இன்னின் பயனர் ஒப்பந்தத்தில் இதில் குழப்பமே கிடையாது. பாட் வைத்து அழைப்பு அனுப்பக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, தகவல்களை மென்பொருளால் உருவக் கூடாது, போலி அடையாளத்தில் கணக்குத் தொடங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பை நிரல் அனுப்பினாலும் அது மீறல்தான். ஆகவே 'பாதுகாப்பான ஆட்டோமேஷன்' என்று இவர்கள் எழுதும்போது அதற்குப் பொருள் 'இதுவரை கண்டுபிடிக்கப்படாத ஆட்டோமேஷன்' என்பதுதான். இதை எந்த வழிகாட்டியும் முதல் பத்தியில் சொல்வதில்லை. சிலது கடைசியில், கடன் விளம்பரத்தின் நிபந்தனை மாதிரி, வேகமாக ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

எண்களுக்கு வருவோம். வாரம் நூறு என்ற கணக்கு 2021 வாக்கில் பரவலானது. அதற்கு முன்பு இதைவிடத் தாராளமாக அனுப்ப முடிந்தது. அனுபவத்தில் பலருக்கு அந்த நூறு ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் லிங்க்ட்இன்னின் உதவிப் பக்கங்கள் அப்படி ஓர் எண்ணை எல்லோருக்குமான உத்தரவாதமாகத் தருவதில்லை. அவை சொல்வது காரணங்களை மட்டும்: குறுகிய நேரத்தில் நிறைய அனுப்பியது, அனுப்பியதில் பல கண்டுகொள்ளப்படாமலோ நிலுவையிலோ கிடப்பது, பெற்றவர்கள் ஸ்பாம் என்று குறித்தது. அதாவது எல்லை உங்கள் எண்ணிக்கையால் மட்டும் முடிவாவதில்லை, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதாலும் முடிவாகிறது. இதைப் புரிந்துகொண்டால், 'நாளைக்கு 23 பாதுகாப்பு, 27 ஆபத்து' என்கிற அட்டவணைகள் எவ்வளவு சோளப்பொரி என்று தெரியும். ஒரு வழிகாட்டியின் அட்டவணையை இன்னொன்று எடுத்து, அதை மூன்றாவது எடுத்து, கடைசியில் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதே ஆதாரமாகிவிடுகிறது. தளம் வெளிப்படையாகச் சொல்லும் எண் ஒன்று உண்டு: ஒருவருக்கு நேரடி இணைப்புகள் 30,000 வரைதான். தேடலுக்கும் இலவசக் கணக்கில் ஒரு மாத வரம்பு இருக்கிறது. 'வணிகப் பயன்பாட்டு வரம்பு' என்று பெயர், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி புதிதாகத் தொடங்கும். எத்தனை தேடல் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

எண்ணை மறைத்து வைப்பதற்குத் தளத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வரம்பு 100 என்று பலகை வைத்தால் எல்லா பாட்டும் 99 அனுப்பும். மறைத்து வைப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மென்பொருள் விற்பவரிடம் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கின்றன. எது எங்கே முடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அவர் எல்லையை ஓரளவு அளந்துவிடுவார். தம்பிக்கு இருப்பது ஒரே ஒரு கணக்கு. அவர் எல்லையைக் கண்டுபிடிக்கும் ஒரே வழி அதில் முட்டிக்கொள்வது.

இன்னும் மோசம், முட்டிக்கொள்ளும் ஆளின் நடத்தையே பாட் மாதிரி இருக்கும். வேலை போன முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதமாகத் திறக்காத கணக்கைத் திடீரென்று திறப்பார். ஒரே உட்காரலில் பழைய அலுவலகத்துக்காரர்கள், கல்லூரி சீனியர்கள், ஆளெடுப்பவர்கள் என்று அறுபது பேருக்கு அனுப்புவார். எல்லோருக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். தூக்கம் வராது, அதனால் ராத்திரி மூன்று மணிக்கும் அனுப்புவார். வீட்டில் நெட் போனால் மொபைல் டேட்டா, அப்புறம் மச்சான் வீட்டு வைஃபை, ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். வழிகாட்டி 'மனிதத்தன்மை இல்லாதவை' என்று பட்டியல் போட்ட அத்தனையையும் ஒரு மனிதர் தன் மிக மோசமான வாரத்தில் செய்கிறார். எதிர்ப்பக்கம், காசு கொடுத்து வாங்கிய நிரல் காலை ஒன்பதுக்கு எழுந்து, இடைவெளி விட்டு, மதியம் ஓய்வெடுத்து, ஞாயிறு லீவும் போடுகிறது. வேகத்தை மட்டும் வைத்து அளந்தால் யார் மாட்டுவார்?

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை என்பதற்கு ஒரு நல்ல பொது உதாரணம் 2022 மார்ச்சில் அமெரிக்காவின் என்பிஆர் வானொலி வெளியிட்ட செய்தி. ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகத்தில் இருந்த ரெனே டிரெஸ்டாவுக்கு லிங்க்ட்இன்னில் ஒரு விற்பனைச் செய்தி வந்தது. அனுப்பிய பெண்ணின் படத்தை அவர் உற்றுப் பார்த்தார். ஒரு காதில் மட்டும் கம்மல். முடி சில இடங்களில் பின்னணியோடு கரைந்திருந்தது. கண்கள் படத்தின் சரியான நடுவில். கணினி உருவாக்கிய முகம். பிறகு அவரும் சக ஆய்வாளர் ஜோஷ் கோல்ட்ஸ்டைனும் தேடியதில் அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரொஃபைல்கள் கிடைத்தன. எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் வேலை செய்வதாக அவை சொல்லிக்கொண்டன. இதில் நமக்கு முக்கியமான விஷயம் அந்த முகங்கள் இல்லை, எதற்காக அவை என்பது. ஒரு விற்பனையாளருக்கு ஒரு வரம்புதான். முகங்களைப் பெருக்கினால் வரம்பும் பெருகும். யாராவது ஆர்வமாகப் பதில் சொன்னால், உரையாடல் நிஜ விற்பனையாளரிடம் கைமாறிவிடும். வழிகாட்டிகள் 'பல கணக்குகளில் சுமையைப் பகிருங்கள்' என்று சாதுவாக எழுதுவதன் முழு உருவம் இதுதான். 2025 ஜனவரியில் ப்ராக்ஸிகர்ல் என்ற சேவைமீது லிங்க்ட்இன் வழக்குப் போட்டபோது, தகவல் உருவுவதற்காக லட்சக்கணக்கான போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. அந்தச் சேவை அதே ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. இதெல்லாம் 'வார்ம்-அப்' செய்யப்பட்ட உலகம்.

வழிகாட்டிகளைத் திட்டிவிட்டுத் தளத்தை நல்லவனாக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. லிங்க்ட்இன் வளர்ந்த கதையே கொஞ்சம் சங்கடமானது. 2003 மே மாதம் தொடங்கிய தளம், பயனரின் மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி அதிலிருந்தவர்களுக்கு அழைப்பு அனுப்பும் வசதி ஒன்றை வைத்திருந்தது. அழைக்கப்பட்டவர் பதில் சொல்லாவிட்டால் இரண்டு நினைவூட்டல்கள், அதுவும் பயனர் பெயரிலேயே போகும். 2013இல் கலிஃபோர்னியாவில் இதை எதிர்த்துப் பெர்கின்ஸ் என்பவர் பெயரில் ஒரு கூட்டு வழக்கு வந்தது. நீதிபதி லூசி கோ 2014இல் ஒரு நுட்பமான கோடு போட்டார்: முதல் அழைப்புக்குப் பயனர் சம்மதம் இருந்தது என்று கொள்ளலாம், நினைவூட்டல்களுக்கும் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது, அந்தப் பகுதியில் வழக்கு நடக்கட்டும். 2015இல் தவறை ஒப்புக்கொள்ளாமல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்குத் தளத்தை வாங்குவதாக அறிவித்தது. பதில் சொல்லாதவரை இரண்டு முறை தட்டி எழுப்பிய அதே தளம், இன்று பதில் வராத அழைப்புகளை உங்கள் கணக்கில் குற்றமாக எழுதுகிறது. இன்றைய விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அது கூட்டம் சேர்க்க வேண்டியிருந்தது, இன்றைக்குச் சேர்ந்த கூட்டத்தைக் காக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, வரம்புகளுக்கு அருகிலேயே ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. தெரியாதவருக்குச் செய்தி அனுப்பக் கூடாது என்பது இல்லை, பிரீமியம் எடுத்தால் இன்மெயில் உண்டு. தேடல் வரம்பில் முட்டினால் மேம்பட்ட கணக்கு வாங்கச் சொல்லும் திரை வரும். இலவசக் கணக்கில் அழைப்போடு தனிக்குறிப்பு எழுதுவதையும் மாதத்துக்குச் சிலது என்று சுருக்கிவிட்டார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு உண்மையிலேயே எரிச்சல். அழைப்பு ஏற்கப்படுவதற்கு ஒரே கண்ணியமான வழி, நான் யார், எதற்கு அழைக்கிறேன் என்று இரண்டு வரி எழுதுவது. அதை எண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டு, ஏற்கப்படாத அழைப்புகள் அதிகம் என்று தடுத்தால் என்ன சொல்வது. வரம்பு பெறுநரைக் காக்கிறது, உண்மைதான். ஒரு நாளைக்குப் பத்து விற்பனைச் செய்தி வரும் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். அதே வரம்பு ஒரு விலைப்பட்டியலாகவும் இருக்கிறது என்பதும் உண்மை.

நீதிமன்றம் பக்கம் போனால் ஹைக்யூ வழக்கு. பொது ப்ரொஃபைல்களை உருவி, எந்த ஊழியர் வேலையை விட்டுப் போவார் என்று கணித்து முதலாளிகளுக்கு விற்ற நிறுவனம் அது. 2017இல் லிங்க்ட்இன் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது, ஹைக்யூ வழக்குப் போட்டது. 2019இலும், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பிறகு 2022 ஏப்ரலிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலக் கட்டத்தில் ஹைக்யூ பக்கமே நின்றது. யாரும் பார்க்கக்கூடிய பக்கத்தைப் பார்ப்பது கணினிக் குற்றமாக இருக்க வாய்ப்பில்லை என்ற அளவில். ஆட்டோமேஷன்காரர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியைத்தான். மறுபாதி: அதே ஆண்டு நவம்பரில் கீழ்நீதிமன்றம், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதன் ஒப்பந்தப் பணியாளர்கள் போலிக் கணக்கில் உள்ளே போனதும் அதில் சேர்த்தி. டிசம்பரில் 5 லட்சம் டாலருக்கான தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வழக்கு முடிந்தது. குற்றம் இல்லை என்பதும் ஒப்பந்தப்படி சரி என்பதும் ஒன்றில்லை.

இப்போது இந்த எழுத்து வகையின் மிகப் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். எல்லா வழிகாட்டியிலும் மாட்டாமல் இருப்பதற்கு இருபது பத்தி, மாட்டியபின் என்ன செய்வது என்பதற்கு ஒரு பத்தி. 'மேல்முறையீடு செய்யுங்கள், பொறுமையாக இருங்கள்.' தப்பே செய்யாதவருக்குத் தேவையானது இந்தப் பகுதிதான். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இன்று சட்டம் கையில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் மிகப் பெரிய தளங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் லிங்க்ட்இன்னும் இருந்தது. அங்கத்திய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கணக்கைக் கட்டுப்படுத்தினால் தெளிவான குறிப்பான காரணம் சொல்ல வேண்டும் என்கிறது, முடிவில் தானியங்கி முறை பயன்பட்டதா என்பது உட்பட. 20ஆம் பிரிவு, குறைந்தது ஆறு மாதத்துக்கு இலவசமாகப் புகார் செய்ய வழி இருக்க வேண்டும், அந்தப் புகாரை இயந்திரம் மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. 21ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ள வழி தருகிறது.

நம்மூரில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, யாருக்கும் தெரியாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலர் வேண்டும் என்றன, புகாரை 24 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றன. 2022 அக்டோபர் திருத்தம் அதற்கு மேலே குறை மேல்முறையீட்டுக் குழுக்களைக் கொண்டுவந்தது, 2023 ஜனவரியில் அப்படி மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. அலுவலர் முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் இணையவழியே போகலாம். அரசு நியமிக்கும் குழு என்பதால் இதன்மேல் நியாயமான சந்தேகங்கள் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் தம்பி அனுப்பியவற்றில் இந்திய வாசகரைக் குறிவைத்து எழுதியவைகூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எந்த மென்பொருளும் விற்காது.

மேல்முறையீட்டில் அடையாளச் சான்று கேட்கப்படலாம். இங்கேதான் தமிழருக்கென்று ஒரு தனித் தொல்லை. தளத்துக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். சிலர் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் அலங்காரமாகப் பட்டத்தையும் எமோஜியையும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால், லிங்க்ட்இன்னில் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். சாதாரண நாளில் யாருக்கும் இது உறுத்தாது. நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிக்க வேண்டிய நாளில் மூன்று தாளிலும் மூன்று ஆள் நிற்பார்கள். வழிகாட்டிகளின் பட்டியலில் முதலில் வர வேண்டியது இது: முடங்குவதற்கு முன்பே, கையிலிருக்கும் ஒரு சான்றில் உள்ளபடி பெயரை மாற்றி வையுங்கள்.

தம்பிக்கு எழுதியது ஏறக்குறைய இதுதான். பெயரைச் சரிசெய். இன்னொரு மின்னஞ்சலையும் சேர்த்து வை. அமைப்புகளில் உன் தகவல்களின் நகலைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது, இன்றைக்கே எடு, இணைப்புகளின் பட்டியல் அதில் வரும், கணக்கு போனாலும் ஆட்கள் யாரென்று தெரியும். பிரவுசரில் லிங்க்ட்இன்னுக்காகப் போட்ட எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் தூக்கு. உன் கணக்கை மாத வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால் ஓடு, அதில் நடப்பதெல்லாம் உன் பெயரில் நடக்கும். கொஞ்சமாவது தெரிந்தவர்களை முதலில் அழை, தெரியாதவர்களுக்கு 'பின்தொடர்' போதும், அதற்கு அழைப்பே தேவையில்லை. பழைய நிலுவை அழைப்புகளைத் திரும்பப் பெறு, ஆனால் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது என்பதை ஞாபகம் வை. வாராந்தர அழைப்புத் தடை வந்தால் பதறாதே, பொதுவாக ஒரு வாரத்தில் தானே போய்விடும். அதைத் தாண்ட புதுக் கணக்கு தொடங்குவதுதான் உண்மையான ஆபத்து.

பத்து நிமிடம் கழித்து நீலக் குறி விழுந்தது. "சூப்பர் அண்ணா. அப்ப ஒரு நாளைக்கு எத்தனை அனுப்பலாம்?"

பதினைந்து என்று சொன்னேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.